எழுத்துக்கு முந்தைய பாடம்: கடியப்பட்டணக் கரையில் பள்ளிக்கு ஆயத்தமாகும் பருவத்தின் வரலாறு

ஓர் ஊரின் கல்வி வரலாற்றை எழுதுவோர் அங்கே பள்ளிக்கூடம் எந்த ஆண்டில் எழுந்தது, யார் எழுப்பினார், எத்தனை வகுப்புகள் நடந்தன என்பவற்றிலிருந்து தொடங்குவதே வழக்கமாக இருந்துவருகிறது. அந்தப் பள்ளியின் படியை ஒரு குழந்தை முதன்முறையாக மிதிப்பதற்கு முன்னால் கழிந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அதை யார் ஆயத்தப்படுத்தினார்கள், எங்கே உட்கார வைத்தார்கள், எதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்விகள் ஆவணங்களின் ஓரத்திலேயே தங்கிவிடுகின்றன. மழலையர் வகுப்பு என்பது அண்மைக் காலத்தில் நகரங்களிலிருந்து வந்து சேர்ந்த பழக்கம் என்ற எண்ணம் பரவலாக இருப்பதற்கு இந்த விடுபடலும் ஒரு காரணம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், வள்ளியாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி, முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையே அமைந்துள்ள கடியப்பட்டணத்தையும் அதன் அண்டை ஊர்களையும் எடுத்துக்கொண்டால், சிறு குழந்தைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பயிற்றும் வழக்கம் அங்கே எந்தப் பள்ளிக் கட்டடத்தைக் காட்டிலும் பழமையானது என்பது தெரியவரும்.

கடியப்பட்டணம் இன்று நாஞ்சில் நாடு என்ற பொதுப்பெயருக்குள் அடக்கிப் பேசப்பட்டாலும், பழைய வழக்கின்படி நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு தாலுகாக்களின் நெல்வயல் நிலமே ஆகும். கடியப்பட்டணமோ அதற்கு மேற்கே, இரணியலைச் சார்ந்த கல்குளம் பகுதியில், திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த மீனவர் ஊர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனபோது, இந்த நிலப்பகுதியின் இரண்டு வேறுபட்ட வாழ்க்கை முறைகள் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. வயலும் கோயிலும் ஆசானும் சேர்ந்தது ஒன்று. கட்டுமரமும் தேவாலயமும் உபதேசியாரும் சேர்ந்தது மற்றொன்று. கல்விக்குக் குழந்தையை ஆயத்தப்படுத்தும் முறையிலும் இவ்விரண்டும் வெவ்வேறு வழிகளில் சென்றன. உள்நாட்டுக் குழந்தைக்குக் கல்வி விரலில் தொடங்கியது. கடற்கரைக் குழந்தைக்கு அது செவியிலும் நாவிலும் தொடங்கியது. பிற்காலத்தில் அரசும் திருச்சபையும் தொண்டு நிறுவனங்களும் இக்கரையில் செய்த எல்லா முயற்சிகளையும் விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடே திறவுகோலாக அமைகிறது.

உள்நாட்டு முறையை முதலில் காணலாம். தென்திருவிதாங்கூரில் எழுத்து கற்பிப்பவருக்கு ஆசான் என்று பெயர். சிலம்பமும் வர்ம மருத்துவமும் கற்பிப்பவரையும் இதே பெயரால் அழைத்த மண் இது. குழந்தைக்கு மூன்று அல்லது ஐந்து என ஒற்றைப்படையில் வயது நிறையும்போது, பெரும்பாலும் விஜயதசமி நாளில், எழுத்துத் தொடக்கச் சடங்கு நடைபெற்றது. வெற்றிலை, பாக்கு, நாணயம் ஆகியவற்றைத் தட்சிணையாக வைத்து, தட்டில் பரப்பிய பச்சரிசியின் மேல் குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து ஆசான் முதல் எழுத்தை வரையச் செய்வார். பொன்னால் நாவில் எழுதும் வழக்கமும் மலையாள நாட்டை ஒட்டிய பகுதிகளில் இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி, கம்பர் வழிபட்ட தெய்வம் என்று நம்பப்படுவது. தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னரும் ஆண்டுதோறும் நவராத்திரிக்காக வேளிமலை முருகனுடனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையுடனும் ஊர்வலமாக அங்கே எழுந்தருளுவது இன்றுவரை தொடர்கிறது. எழுத்துத் தொடக்கம் குடும்பச் சடங்காக மட்டும் இருந்துவிடாமல் அரசின் சடங்காகவும் ஓங்கி நின்ற நாடு இது என்பதற்கு அந்த ஊர்வலம் சான்று.

சடங்கு முடிந்த மறுநாளே குழந்தை ஆசானின் திண்ணைக்குச் சென்று தரையில் பரப்பிய மணலின்முன் அமர்ந்துவிடும். ஓலையும் எழுத்தாணியும் பிஞ்சு விரலுக்கு ஏற்றவை அல்ல என்பதையும், ஓலையில் ஒருமுறை கீறியது அழியாது என்பதையும் அறிந்திருந்த அந்தக் கற்பித்தல் முறை, எத்தனை முறை தவறினாலும் உள்ளங்கையால் தடவி அழித்து மீண்டும் எழுதக்கூடிய மணலை முதற்கருவியாகத் தேர்ந்தெடுத்தது. எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் அதன் வடிவத்தை வரைவதும், முந்தி வந்த மாணவன் பிந்தி வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இம்முறையின் இரு தூண்கள்; அப்படிச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவனே சட்டாம்பிள்ளை. 1623இல் கன்னட நாட்டின் வழியே சென்ற இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வாலே, சிறுவர்கள் ஒன்றாகப் பாடிக்கொண்டே மணலில் எண்களை எழுதிப் படித்ததைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் இல்லத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் குழந்தைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் இல்லத்தில் சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையோடு இதையும் சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அதன்பின் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளில் மணல் தட்டுகள் இடம்பெற்றன. ஐரோப்பாவில் மழலையர் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் ஃபிரெடரிக் ஃபுரோபெல் தம் முதல் நிலையத்தை 1837இல்தான் தொடங்கினார் என்பதை நினைவில் கொண்டால், தமிழ்த் திண்ணையின் மணலுக்கு உலகக் கல்வி வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே சொல்லவேண்டும்.

ஆயினும் இந்தத் திண்ணையைப் போற்றும்போதே, அதில் யாருக்கு இடம் இருந்தது என்ற கேள்வியைத் தள்ளிவைக்க இயலாது. கடியப்பட்டணத்து முக்குவர் குழந்தைகள் அந்த மணலின்முன் அமரவில்லை. சாதி அடுக்கில் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட மீனவர்க்கு உள்நாட்டு ஆசான் பள்ளியின் கதவு திறக்கவில்லை. கால்வைக்கும் இடமெல்லாம் மணலாக இருந்த கரையில் பிறந்த குழந்தைக்கு மணலில் எழுதக் கற்பிக்க யாரும் இல்லை. இந்த விலக்கலின் நடுவேதான் கடற்கரைக்கு உரிய இரண்டாவது வழி உருவானது.

1544ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் பிரான்சிஸ் சவேரியார் பூவாறு முதல் பள்ளம் வரையிலான திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் நடந்து சென்று முக்குவர்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். கொல்லங்கோடு, வள்ளவிளை, தூத்தூர், தேங்காய்ப்பட்டணம், இனயம், மிடாலம், குளச்சல், முட்டம் ஆகிய ஊர்களோடு கடியப்பட்டணமும் அந்த வரிசையில் இடம்பெறுகிறது. ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருமுழுக்குப் பெற்றதாக அவரே 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். இந்த எண்ணிக்கையைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். குழந்தைகளிடம் அவர் கையாண்ட முறையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. முத்துக்குளித்துறையில் அவர் பணிசெய்த முறையை விளக்கும் 1544 ஜனவரிக் கடிதத்தின்படி, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து அவற்றைத் தாம் மனப்பாடம் செய்த பின்னர், கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டி, நாள்தோறும் இருமுறை அவற்றைச் சொல்லவைத்தார். கற்ற சிறுவர்கள் வீட்டுக்குச் சென்று தாய்தந்தையர்க்கும் அண்டை வீட்டார்க்கும் அவற்றைக் கற்பிக்கவேண்டும் என்று பணித்தார். நோயாளிகளின் வீடுகளுக்குச் செபிக்கவும் சிறுவர்களையே அனுப்பினார். திருவிதாங்கூர்க் கரையிலும் ஒவ்வோர் ஊரிலும் செபங்களின் எழுத்துப்படி ஒன்றை விட்டுச்செல்லும் ஏற்பாட்டை அவர் கைக்கொண்டார்.

இந்த ஏற்பாடு ஒருவருடைய வருகையோடு முடிந்துவிடாமல் நிலைத்ததற்குக் காரணம் கணக்கப்பிள்ளை என்ற பதவி. ஊரில் எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்து, குருவானவர் இல்லாத நாட்களில் செபங்களைச் சொல்லிக்கொடுக்கவும், பிறப்பு இறப்புகளைக் குறித்துவைக்கவும், இறக்கும் நிலையிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கவும் அவருக்குப் பொறுப்பு தரப்பட்டது. பிற்காலத்தில் இப்பொறுப்பின் பெரும்பகுதி உபதேசியார் எனப்பட்டவரிடம் சேர்ந்தது. தம் உதவியாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு 1544இல் சவேரியார் எழுதிய கடிதங்களில், குழந்தைகளுக்குக் கற்பிப்பதில் சோர்ந்துவிடக்கூடாது என்ற அறிவுரை திரும்பத்திரும்ப வருவதைக் காணலாம். ஒரு கடற்கரைச் சமூகத்தின் சிறு குழந்தைகள், எழுத்தை அறியும் முன்னரே, குறித்த நேரத்தில் மணியோசை கேட்டு வீட்டைவிட்டு வெளிவந்து, தம் வயதொத்தவரோடு ஓரிடத்தில் அமர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச்சொல்லும் ஒழுங்குக்குள் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார்கள் என்பது சமய வரலாற்றுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. இன்று பள்ளிக்கு ஆயத்தமாதல் என்ற பெயரில் கல்வியாளர்கள் கேட்பவையான தாயைப் பிரிந்து இருத்தல், கூட்டத்தில் அமர்தல், செவிகொடுத்தல், முறைவரும்வரை காத்திருத்தல் ஆகியவற்றில் பெரும்பகுதி அந்த மணியடிக் கூட்டத்திலேயே பழக்கமாகியது.

அச்சுக்கலையின் தமிழ் வரலாறும் இதே குழந்தைகளை ஒட்டித்தான் தொடங்குகிறது. 1554இல் லிஸ்பனில் அச்சிடப்பட்ட கார்த்திலா என்னும் நூல், தமிழ்ச் செபங்களை உரோமன் எழுத்தில் போர்த்துகீசிய மொழியோடு சேர்த்துத் தந்தது. தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் 1578 அக்டோபரில் கொல்லத்தில் பதினாறு பக்கங்களோடு வெளிவந்தது. அடுத்த ஆண்டு கொச்சியில் வெளியான கிரிசித்தியானி வணக்கம், மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற போர்த்துகீசியக் குரு சிறுவர்களுக்குக் கற்பிக்கவென்றே கேள்வியும் பதிலுமாக அமைத்த நூலின் தமிழ் வடிவம். முத்துக்குளித்துறையில் பல்லாண்டு வாழ்ந்து தமிழ் கற்ற அன்றிக் அடிகளார் இவ்விரு தமிழ் நூல்களையும் உருவாக்கினார். கேள்வியை ஆசிரியர் கேட்கவும் விடையைக் குழந்தைகள் ஒரே குரலில் சொல்லவும் ஏற்றவாறு அமைந்த இந்த வடிவம், பின்னர் குறிப்பிடம் என்ற பெயரில் சிறு ஞானோபதேச நூல்களாகப் பெருகி, தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் இருபதாம் நூற்றாண்டு வரை குழந்தைகளின் முதல் பாடமாக விளங்கியது. குறிப்பிடத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கே புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வழங்கப்பட்டதால், ஒவ்வொரு வீட்டிலும் தாயும் பாட்டியும் மாலைச் செபத்தின்போது குழந்தையைப் பக்கத்தில் இருத்தி அதைச் சொல்லவைத்தனர்.

இந்த முறையின் வலிமையைச் சொல்லும்போது அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாகக் கடற்கரைக் குழந்தையிடம் குரலை மட்டுமே எதிர்பார்த்தார்கள். எழுத்து கணக்கப்பிள்ளையின் கையோடு நின்றுவிட்டது. நூல் ஊரில் இருந்தது, அதன் சொற்கள் எல்லாக் குழந்தைகளின் நாவிலும் இருந்தன, ஆனால் அந்தச் சொற்களுக்கு உரிய எழுத்தைக் கண்டறியும் வழியைக் குழந்தைக்குத் திறந்துவிடுவது தேவை என்று எவரும் கருதவில்லை. பள்ளிக்கு ஆயத்தம் இருந்தது, பள்ளி இல்லை. இதைவிடப் பெரிய இழப்பு இக்கரையின் கல்வி வரலாற்றில் வேறில்லை.

19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில் கல்வி வேகமாக விரிந்தது. 1806இல் மைலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயும், அவருக்குப் பின் நாகர்கோவிலை நடுவிடமாகக் கொண்ட சார்ல்ஸ் மீட், மால்ட் தம்பதியர் முதலிய இலண்டன் மிஷன் ஊழியர்களும் உள்நாட்டில் பள்ளிகளைத் தொடங்கினர். 1817இல் ராணி கௌரி பார்வதி பாய் மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். எனினும் மிஷன் பள்ளிகள் கத்தோலிக்கக் கடற்கரையை எட்டவில்லை. அரசுப் பள்ளிகள் சாதித் தடையைக் கடக்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டன. பிற்படுத்தப்பட்ட சமூகங்களின் தொடக்கக் கல்விச் செலவு முழுவதையும் அரசு ஏற்கும் என்ற கொள்கை 1904இல்தான் உறுதிப்பட்டது. மொழியும் ஒரு தடையாக நின்றது. 1876இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை போன்றவர்களே இளமையில் பள்ளியில் மலையாளம் கற்று, தமிழைச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே கற்கவேண்டியிருந்தது. பின்னாளில் ஆசிரியராகப் பல்லாண்டு பணியாற்றிய அவர் 1938இல் வெளியிட்ட மலரும் மாலையும் தொகுதியில் மழலை மொழி என்ற பகுதி இடம்பெற்றது. பசுவும் கிளியும் நிலவும் பேசும் எளிய தமிழ்ப் பாட்டுகள் எழுத்துக்கு முந்தைய பருவத்துக்கு உரிய பாடமாகத் தமிழகமெங்கும் பரவியதற்கு நாஞ்சில் நாட்டின் இந்த ஆசிரியருக்கு நன்றி சொல்லவேண்டும். செபத்தைத் தவிர வேறு எதையும் கூட்டமாகச் சொல்லிப் பழகாத கடற்கரைக் குழந்தைக்கு, பொருள் உணர்ந்து மகிழ்ந்து சொல்லத்தக்க சொற்கள் முதன்முதலாகப் பள்ளியின் வழியே கிடைத்தது இத்தகைய பாட்டுகளில்தான்.

கத்தோலிக்கத் திருச்சபை தேவாலயத்தோடு பள்ளிக்கூடத்தையும் நடத்தத் தொடங்கிய காலமும் இதுவே. 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயி தெ மேஸ்டர் ஆதரவற்ற குழந்தைகளைப் பேணும் பணியைப் பொறுப்பேற்றார். அதன்பின் கன்னியர் மடங்கள் இப்பகுதியில் பெருகியபோது, மடத்துப் பள்ளி என்பது சிறு குழந்தைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் உரிய இடம் என்ற எண்ணம் ஊன்றியது. 1930இல் கோட்டாறு மறைமாவட்டம் தனியே அமைந்த பின் பங்குப் பள்ளிகள், அதாவது ஒரு தேவாலயத்தின் ஆளுகைக்கு உட்பட்ட பள்ளிகள், இன்னும் உறுதிப்பட்டன. உபதேசியாரின் மணிக்குப் பழகிய குழந்தைக்குப் பள்ளியின் மணி புதிதாக இல்லை. தேவாலய முற்றத்திலிருந்து பள்ளி வராந்தாவுக்குச் செல்ல வேண்டிய தொலைவு சில அடிகளே. இந்த நெருக்கம் கரையோரக் கல்விக்கு ஒரு நன்மையாக அமைந்தது.

குழந்தை பள்ளிக்குப் பக்குவப்பட்டதா என்பதை அக்காலத்தில் அளந்த முறைகளும் குறிப்பிடத்தக்கவை. பிறப்புச் சான்றிதழ் பரவலாகாத காலத்தில், வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார்கள். விரல் காதை எட்டினால் ஐந்து வயது நிறைந்துவிட்டது என்று கொள்வார்கள். குழந்தையின் தலையைக் காட்டிலும் கை வேகமாக வளரும் பருவம் அது என்பதால் இந்தச் சோதனைக்கு ஓரளவு உடலியல் அடிப்படை உண்டு; ஆனால் ஊட்டம் குறைந்த வீட்டுக் குழந்தையை இது ஓராண்டு பின்தள்ளியிருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. கடியப்பட்டணம் போன்ற கத்தோலிக்க ஊர்களில் இந்தச் சோதனைக்கு மாற்றாக ஞானஸ்நானப் பதிவேடு இருந்தது. திருமுழுக்கைப் பங்குகளில் பதிவுசெய்யவேண்டும் என்று 1563இல் திரெந்து சங்கம் விதித்ததன் தொடர்ச்சியாகப் பேணப்பட்ட அந்தப் பதிவேட்டில் பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் இருந்ததால், பங்குத்தந்தை எழுதித்தரும் சீட்டே வயதுக்குச் சான்றாகப் பள்ளிகளில் ஏற்கப்பட்டது.

பள்ளிக்கு முந்தைய ஆண்டுகளின் உண்மையான சுமையைத் தாங்கியவர்கள் யார் என்ற கேள்விக்கு இனி வரவேண்டும். இந்த ஊருக்கு ஒரு நல்ல ஆவணம் வாய்த்திருக்கிறது. மானுடவியலாளர் கல்பனா ராம் 1980களின் தொடக்கத்தில் கடியப்பட்டணத்தில் தங்கி ஆய்வு செய்து, முக்குவப் பெண்களைப் பற்றிய நூலை 1991இல் வெளியிட்டார். கடலில் ஆண்களின் உழைப்பு, கரையில் பெண்களின் உழைப்பு என்ற பிரிவினையையும், வீட்டின் வரவுசெலவு, கடன், சீட்டு ஆகியவற்றை நடத்துவதில் பெண்களுக்கு இருந்த பொறுப்பையும் அந்நூல் விரிவாக ஆராய்கிறது. பருவம் மாறி மீன்பாடு குறையும்போது ஆண்கள் கேரளக் கரைக்கும் பிற துறைமுகங்களுக்கும் தொழிலுக்குப் போய்விடுவதால், மாதக்கணக்கில் வீட்டின் எல்லாப் பொறுப்பும் பெண்ணின் தோளில் விழும். மீன்கூடையைத் தலையில் சுமந்து விடியற்காலையில் உள்நாட்டுச் சந்தைக்குப் புறப்படும் தாய், கைக்குழந்தையையும் நடைபழகும் குழந்தையையும் பாட்டியிடமோ மூத்த மகளிடமோ விட்டுச்சென்றாள். தம்பியை இடுப்பில் சுமந்தபடி பள்ளி வாசலில் நின்ற அந்தச் சிறுமியே இக்கரையின் முதல் மழலையர் ஆசிரியை. தம்பி பள்ளிக்கு ஆயத்தமாவதற்குத் தன் பள்ளியை அவள் விலையாகக் கொடுத்தாள். மூத்த பெண்பிள்ளைகளின் கல்வி நடுவே நின்றுபோனதற்குப் பூப்படைந்தபின் விதிக்கப்படும் கட்டுப்பாடுகளை மட்டும் காரணம் காட்டுவது போதாது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஏழெட்டு வயதில், இந்த இடுப்புச் சுமை தொடங்கிவிட்டது.

இந்தச் சுமையை இறக்கிவைக்கும் வழியாகத்தான் பால்வாடி வந்தது. குழந்தைகளுக்கான தனி நிலையம் என்ற எண்ணம் இந்தியாவில் இரண்டு இடங்களில் வளர்ந்தது. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920இல் பால மந்திரைத் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், 1940களில் மகாராஷ்டிரக் கடற்கரை ஊரான போர்டியில் ஏழைக் குழந்தைகளுக்கான நிலையங்களை அனுதாய் வாக்குடன் சேர்ந்து நடத்தி, விலையுயர்ந்த கருவிகளுக்கு மாற்றாக இலை, விதை, சிப்பி, மண் ஆகியவற்றைப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி, போரின் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தபோது, புலன்வழிக் கல்வி பற்றிய அவர் கொள்கைகள் தமிழகத்தின் வசதிபடைத்த பள்ளிகளில் வேரூன்றின. இவ்விரண்டில் கடற்கரைக்குப் பொருந்தியது தாராபாய் மோடக்கின் வழியே. மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு பள்ளிக்கு முந்தைய குழந்தையின் வளர்ச்சி பற்றி 1972இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, உணவு, உடல்நலம், முன்பருவக் கல்வி மூன்றையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவரும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாட்டில் 33 இடங்களில் சோதனை முறையில் தொடங்கியது. அங்கன்வாடி என்ற பெயர் இத்திட்டத்தோடு நிலைபெற்றது.

தென்திருவிதாங்கூர் குழந்தையின் பசிக்கும் பள்ளிக்கும் உள்ள தொடர்பை இதற்கு முன்பே உணர்ந்திருந்தது. 1940களில் திருவிதாங்கூர் அரசு ஏழை மாணவர்களுக்கு மதிய உணவு வழங்கியது. 1956இல் தமிழகத்தோடு இணைந்தபின் காமராசரின் மதிய உணவுத் திட்டம் வந்தது. ஆயினும் இவை பள்ளியில் சேர்ந்துவிட்ட குழந்தைக்கே உரியவை. 1982 ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள கிராமக் குழந்தைகளையும் உள்ளடக்கியது என்பதே அதன் தனிச்சிறப்பு. உணவு கிடைக்கும் இடத்துக்குத் தாய் குழந்தையை நம்பி அனுப்பினாள். அனுப்பப்பட்ட குழந்தையோடு மூத்த மகளின் இடுப்பும் விடுதலை பெற்றது. பால்வாடி டீச்சர் சொல்லிக்கொடுத்த பாட்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு அந்த நிலையத்தின் பயனை அளப்பவர்கள், அதே நேரத்தில் பள்ளியில் போய் அமர்ந்த அக்காளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்று 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் பெற்ற மாவட்டத்தில், பள்ளிக்கு ஆயத்தம் என்பதன் பொருள் மீண்டும் மாறியிருக்கிறது. மீன்பிடித் தொழிலில் இயந்திரப் படகும் வளைகுடா நாட்டு வருமானமும் வந்தபின், ஆங்கிலவழி நர்சரிப் பள்ளிகளின் வேன்கள் கடற்கரைச் சாலைகளுக்கும் வந்துவிட்டன. மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுத்து ஆங்கில எழுத்துகளைக் கோட்டுக்குள் எழுதவைப்பதே ஆயத்தம் என்ற எண்ணம் பரவிவிட்டது. திண்ணை ஆசான் கூட மணலில் தொடங்கி, விரல் பழகிய பிறகே எழுத்தாணியைக் கொடுத்தார். தவறை அழித்துவிட்டு மறுபடி தொடங்கும் உரிமையைக் குழந்தைக்கு முதல் நாளே தந்த அந்த அறிவு, அச்சிட்ட பயிற்சித்தாளில் சிவப்பு மையால் குறியிடும் வகுப்பில் இல்லை. இப்போக்கை எதிர்கொள்ளத் தமிழக அரசு 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது, 2022 ஜூனில் அவற்றை நிறுத்த எடுத்த முடிவு பெற்றோரின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே கைவிடப்பட்டது. கட்டணம் செலுத்த இயலாத வீட்டாரும் தம் குழந்தைக்கு முன்பருவக் கல்வியை உரிமையாகக் கேட்கும் நிலை வந்துவிட்டது என்பதை அந்த எதிர்ப்பு காட்டியது.

கடற்கரைக் குழந்தை பள்ளிக்குக் கொண்டுவரும் அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறாமல் இருப்பது இன்னும் தீராத குறை. நான்கு வயதில் அது சாளை, நெத்திலி, அயிலை, பாரை என்று மீன்களைப் பிரித்தறியும். ஏலம் கூறுபவரின் குரலில் எண்கள் ஏறுவதைக் கேட்டிருக்கும். காற்றின் திசை மாறும்போது பெரியவர்களின் முகம் மாறுவதைக் கண்டிருக்கும். வகைப்படுத்தல், எண்ணுதல், உற்றுநோக்கல் என்று ஆசிரியர் கையேடுகள் பிரித்துக்கூறும் திறன்கள் இவையே. ஆனால் வகுப்பறையில் அதற்குக் காட்டப்படும் படங்கள் ஆப்பிளும் வரிக்குதிரையும்; அதன் வீட்டுப்பேச்சு திருத்தப்படவேண்டிய பிழையாகக் கருதப்படுகிறது. சவேரியார் தம் கடிதங்களில் ஒப்புக்கொண்டபடி, குழந்தைகளிடம் பேசத் தொடங்கும் முன் அவர் செய்த முதல் வேலை அவர்களுடைய மொழியில் சொற்களைத் தாமே மனப்பாடம் செய்ததுதான்.

இந்த வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் எழுதப்படாமல் இரண்டு வகை ஏடுகளில் கிடக்கிறது. ஒன்று பங்குகளில் பேணப்படும் ஞானஸ்நானப் பதிவேடு. மற்றொன்று பள்ளிகளில் பேணப்படும் சேர்க்கைப் பதிவேடு. முன்னதில் ஒவ்வொரு குழந்தையும் பிறந்த நாள் உள்ளது; பின்னதில் அது பள்ளியில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் உள்ளன. ஒரே ஊரின் இவ்விரு ஏடுகளையும் வீடுவீடாக ஒப்பிட்டு, ஒரே தாய்க்குப் பிறந்த ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் எந்தெந்த வயதில் சேர்ந்தார்கள், கடைசித் தம்பி பிறந்த ஆண்டில் மூத்த அக்காள் பள்ளியில் இருந்தாளா, 1982க்குப் பின் அந்த இடைவெளி எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட இயலும். உப்புக்காற்றில் தாள்கள் நொறுங்கும் முன்னர் அந்த ஏடுகளை நகலெடுத்து இந்தக் கணக்கைப் போடுவது, கடியப்பட்டணம் போன்ற ஊர்களின் கல்வி வரலாற்றை எழுத வருவோர் முதலில் செய்யவேண்டிய பணி.